வீட்டைச் சுற்றிய தளம் இறங்கினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த கடிதங்களுள் பல ஒரே குறையைப் பற்றிப் பேசுகின்றன. வீடு உறுதியாக நிற்கிறது. ஆனால் அதைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் தளமோ, வாசற்படியோ, வண்டி நிறுத்தும் தளமோ ஒரு பக்கமாகத் தாழ்ந்துவிட்டது. அதை உடைத்து அகற்றாமல் மீண்டும் மட்டத்துக்குக் கொண்டுவர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, பதில்களுடன் தருகிறேன்.

கேள்வி: வீடு கட்டி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பக்கவாட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் போட்ட கான்கிரீட் நடைபாதை, சுவரை ஒட்டிய பக்கம் நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது. மழை பெய்தால் சுவரோரம் நீர் தேங்குகிறது. அதன்மேல் இன்னொரு கான்கிரீட் போட்டு மட்டப்படுத்திவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன், தளம் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருப்பது எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். அஸ்திவாரம் போடுவதற்காகச் சுவரின் அகலத்தைவிட அதிகமாகக் குழி தோண்டுகிறோம். சுவர் எழும்பிய பிறகு மிஞ்சிய இடத்தை மண் தள்ளி மூடுகிறோம். அந்த மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடித்து இறுக்குவதற்குப் பெரும்பாலான இடங்களில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. உடைந்த செங்கல், சிமென்ட் பை, பலகைத் துண்டு எல்லாம் அதே குழிக்குள் போய்விடுகின்றன. நடைபாதையின் வெளிப்பக்கம் என்றும் தோண்டப்படாத பழைய நிலத்தின்மேல் இருக்கிறது. உட்பக்கம் இந்தத் தளர்ந்த நிரப்பு மண்ணின்மேல் இருக்கிறது. ஆகவே உட்பக்கம் மட்டும் இறங்கியிருக்கிறது. கான்கிரீட்டின் தரத்தில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கும்.

அதன் பிறகு நீர் தன் வேலையைத் தொடங்குகிறது. தளம் சுவர்ப் பக்கம் சாய்ந்ததும் மழைநீர் முழுவதும் அங்கே ஓடி, சுவருக்கும் தளத்துக்கும் இடையேயுள்ள இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. தளர்ந்த மண் நனைந்தால் அதன் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து மேலும் அமுங்குகின்றன. நுண்மண் இருந்தால் நீரோடு அடித்தும் செல்லப்படுகிறது. தளத்தின் அடியில் வெற்றிடம் உருவாகிறது. முதல் ஆண்டில் ஒரு சென்டிமீட்டராக இருந்த தாழ்வு பிறகு விரைவாக வளர்வது இதனால்தான்.

இப்போது மேஸ்திரி சொன்னதற்கு வருவோம். சுவரிலிருந்து வெளிப்புறமாக நீர் ஓடுவதற்கு மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். உங்கள் நடைபாதை 40 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதால், சுவரோரம் 60 மில்லிமீட்டர் கனமும் வெளி ஓரத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத கனமும் உள்ள ஆப்பு வடிவப் பூச்சைத்தான் போட வேண்டியிருக்கும். மெல்லிய ஓரம் சில மாதங்களில் பெயர்ந்துவிடும். கனமான ஓரமோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 144 கிலோ கூடுதல் எடையை, மண் எங்கே மிகவும் பலவீனமாக இருக்கிறதோ அங்கேயே ஏற்றும். அடியிலுள்ள வெற்றிடமோ அப்படியே இருக்கும். சுவரின் ஈரத்தடுப்புப் படலம் தாழ்வாக இருந்தால், உயர்த்திய பூச்சு அதைத் தாண்டிச் சுவருக்குள் ஈரம் ஏறவும் வழி செய்துவிடும்.

சரியான வரிசை இது. முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் இந்தச் சந்தில் திறக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர் மீட்டர் இருந்தால் ஒரு மணி நேரம் அதைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் மண்ணுக்கடியில் எங்கோ கசிவு இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் தளத்தின் அடியில் செல்கிறது என்றால் அதன் இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்து, ஒரு சிறிய சுத்தியலால் தளத்தை ஓரடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். மண்ணோடு ஒட்டியிருக்கும் இடம் ‘தட்’ என்று அடங்கி ஒலிக்கும். வெற்றிடம் உள்ள இடம் பானையைத் தட்டியதுபோல ஒலிக்கும். அந்த எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு வையுங்கள். கசிவையும் மழைநீரையும் சரிசெய்த பிறகு, தளத்தை அடியிலிருந்து எழுப்பும் வேலையைத் தொடங்கலாம்.

இந்த வரிசையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் பின்வாசல் தளத்தை மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை எழுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறை நான் போய்ப் பார்த்தபோது, குளியலறைக் கழிவுக் குழாயின் இணைப்பு ஒன்று விலகி, ஒவ்வொரு நாளும் தளத்தின் அடியில் நீர் விழுந்துகொண்டிருந்தது. முழங்கை நீளமுள்ள ஒரு குழாய்த் துண்டை மாற்றினோம். பிறகு தளத்தை எழுப்பினோம். அந்தக் குடும்பம் அதற்கு முன் இரண்டு முறை செலவிட்ட பணத்தை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

கேள்வி: தளத்தில் துளையிட்டுச் சிமென்ட் கலவையை அழுத்தி எழுப்புவது ஒரு முறை என்றும், நுரையைச் செலுத்துவது இன்னொரு முறை என்றும் சொல்கிறார்கள். டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட்டை நுரை எப்படித் தூக்கும்? எது நல்லது?

பதில்: தூக்குவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. 100 மில்லிமீட்டர் கனமுள்ள தளம் என்றால் சதுர மீட்டருக்கு 240 கிலோ. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தளம் இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும். ஆனால் அந்த எடை முழுப் பரப்பிலும் பரவியிருப்பதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.024 கிலோ அழுத்தம் இருந்தாலே அது எழும்பத் தொடங்கும். கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இது. ஓரங்கள் சுவரோடோ அடுத்த தளத்தோடோ பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தம் தேவைப்படும். தூக்குவது கடினமன்று, எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் எழும்பியதும் நிறுத்த வேண்டும் என்று அறிவதில்தான் வேலைக்காரரின் திறமை இருக்கிறது.

சிமென்ட் கலவை முறை பழையது. தளத்தில் 40 முதல் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளை ஒன்றரை மீட்டருக்குள்ளான இடைவெளியில் இடுகிறார்கள். நுண்மணல் அல்லது கல்தூள், சிமென்ட், நீர் ஆகியவற்றைக் கெட்டியான கூழ்போலக் கலந்து, பம்பு மூலம் ஒவ்வொரு துளையிலும் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். கலவை முதலில் வெற்றிடத்தை நிரப்புகிறது. பிறகு போக இடமில்லாமல் தளத்தை மேலே தள்ளுகிறது. வேலை முடிந்ததும் நடக்க ஒரு நாளும், வண்டி ஏற்றச் சில நாள்களும் காத்திருக்க வேண்டும்.

நுரை முறை பின்னால் வந்தது. இரண்டு திரவங்கள் துப்பாக்கி போன்ற கருவியின் முனையில் கலந்து தளத்தின் அடியில் செல்கின்றன. சில நொடிகளில் பல மடங்கு விரிந்து, கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலான வலிமையைப் பெற்றுவிடுகின்றன. அந்தப் பொருள் பாலியூரித்தேன். மெத்தைகளில் பயன்படும் நுரையின் இனத்தைச் சேர்ந்தது என்றாலும், இது கையால் அமுக்க முடியாத அளவு கடினமானது. துளை 16 மில்லிமீட்டர் போதும் என்பதால் தளத்தின் தோற்றம் அதிகம் கெடுவதில்லை.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு எடை. ஒன்பது சதுர மீட்டர் தளம் சராசரியாக 40 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், நிரப்ப வேண்டிய வெற்றிடம் 0.36 கன மீட்டர். சிமென்ட் கலவை என்றால் ஏறத்தாழ 650 கிலோ. நுரை என்றால் இருபது கிலோவுக்குச் சற்று மேல். கீழே இருப்பது தளர்ந்த நிரப்பு மண் என்றால், அதன்மேல் அரை டன்னுக்கும் அதிகமான புதிய எடையை ஏற்றுவதா என்று யோசிக்க வேண்டும். நீரோட்டம் உள்ள இடத்திலும் நுரைதான் மேல், ஏனென்றால் இறுகும் முன்பே நீர் அதைக் கரைத்துக்கொண்டு போவதில்லை.

ஆனால் நுரையை எல்லா இடத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் விலை கணிசமாக அதிகம். வெயில் பட்டால் அது சிதையும் என்பதால் ஓரங்களில் வெளியே தெரியும் நுரையை மண்ணிட்டோ பூசியோ மூட வேண்டும். வினை நடக்கும்போது வெப்பம் வெளிப்படுவதால், பெரிய வெற்றிடத்தில் ஒரே மூச்சாக நிறையச் செலுத்தினால் உட்பகுதி கருகித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அடுக்கடுக்காக, இடைவெளி விட்டுத்தான் செலுத்த வேண்டும். நுரைக்கான திரவத்திலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரக்கூடும். வேலை செய்பவர்கள் முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் அணிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். நன்கு இறுகிய நிலத்தின்மேல், அடியில் பெரிய பள்ளம் மட்டும் உள்ள ஒரு வண்டித் தளத்துக்குச் சிமென்ட் கலவை முறையே போதுமானது, சிக்கனமும் கூட.

எந்த முறையானாலும் இரண்டு முன்னேற்பாடுகளை மறக்கக் கூடாது. துளையிடும் முன், தளத்தின் அடியில் செல்லும் நீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி, கழிவுக் குழாய் ஆகியவற்றின் வழியைத் தெரிந்து தரையில் குறித்துவிட வேண்டும். கழிவுக் குழாயில் உடைப்பு இருந்தால் செலுத்தும் கலவை அதற்குள்ளேயே புகுந்து இறுகிவிடும். தளம் எழும்பாது, குழாயும் அடைபடும். பம்பு நிறையக் கலவையை விழுங்கியும் தளம் அசையவில்லை என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, தளம் சுவரோடும் படியோடும் பூச்சினால் ஒட்டியிருந்தால் அந்த ஓரத்தை முன்னதாகவே அறுத்து விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் எழும்பித் தளம் பிளந்துவிடும்.

கேள்வி: தளத்தில் நீளமாக இரண்டு விரிசல்கள் இருக்கின்றன. எழுப்பினால் அவை மூடிக்கொள்ளுமா?

பதில்: சில வேளைகளில் நெருங்கும், ஒட்டாது. எழுப்பும் வேலை மட்டத்தைத் திருப்பித் தருமே தவிர, உடைந்த கான்கிரீட்டை ஒன்றாக்காது. எழுப்பியபின் விரிசலைச் சுத்தம் செய்து, இழுபடக்கூடிய சீலன்ட் என்ற அடைப்புப் பசை கொண்டு அடைத்துவிட்டால் நீர் இறங்காது. விறைப்பான சிமென்ட் பாலை ஊற்றினால் அடுத்த கோடையிலேயே அது பெயர்ந்துவிடும். தளம் மூன்று நான்கு பெரிய துண்டுகளாக மட்டும் பிரிந்திருந்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுப்பலாம். அதற்கு மேலும் நொறுங்கியிருந்தாலோ, மேற்பரப்பு உதிர்ந்து ஜல்லி தெரிந்தாலோ, உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்து வீங்கியிருந்தாலோ எழுப்புவதில் பயனில்லை, புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பாதையில் ஒரு மீட்டர் சதுரமுள்ள கான்கிரீட் பலகைகள் பதித்திருக்கிறோம். மூன்று பலகைகள் தாழ்ந்துவிட்டன. கடப்பாரையும் ஜாக்கியும் வைத்து நாங்களே சரிசெய்யலாமா?

பதில்: செய்யலாம். இந்த அளவு வேலைக்குப் பம்பும் நிறுவனமும் தேவையில்லை. ஆனால் எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 75 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு மீட்டர் சதுரப் பலகை 180 கிலோ இருக்கும். நெம்பி உயர்த்தும்போது ஒரு விநாடி கூடக் கையையோ காலையோ அடியில் கொண்டுபோகக் கூடாது. ஒருவர் கடப்பாரையை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் அதன் அடியில் உறுதியான மரக்கட்டையைத் தள்ளிவைத்த பிறகே வேறு எதையும் செய்ய வேண்டும். கட்டையையும் கையால் அன்றி, நீளமான கோலால் தள்ளுங்கள்.

தாழ்ந்த ஓரத்தில் ஒரு பக்கமாகப் பள்ளம் தோண்டி, ஜாக்கி உட்காரத் தடித்த பலகையொன்றை அடியில் வையுங்கள். வெறும் மண்ணில் வைத்தால் கான்கிரீட் எழும்புவதற்குப் பதிலாக ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும். நூல் கட்டி, பக்கத்துப் பலகையின் மட்டத்துக்குச் சற்று மேலே, அதாவது நான்கைந்து மில்லிமீட்டர் அதிகமாக உயர்த்துங்கள். அடியில் நிரப்புவதற்கு மணலைவிடக் கல்தூள் நல்லது. அதன் துகள்கள் கூர்மையானவை என்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், நீரில் எளிதாக நகராது. சிறிது சிமென்டை உலர்வாகக் கலந்தால் மண்ணின் ஈரத்திலேயே இறுகிவிடும். நீளமான பலகைத் துண்டால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் குத்தித் திணியுங்கள். பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தோண்டிய களிமண்ணையே திரும்பப் போட்டு நிரப்பாதீர்கள். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட தளத்தையோ, அங்கேயே வார்த்த வண்டித் தளத்தையோ இந்த முறையில் எழுப்ப முயல வேண்டாம்; ஒரு மூலையில் மட்டும் விசை கொடுத்தால் அது முறிந்துவிடும்.

கேள்வி: இரண்டு தளங்களின் இணைப்பில் ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாடு. அம்மா இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தார். இதற்காகவும் தளத்தை எழுப்ப வேண்டுமா?

பதில்: எழுப்பாமலே தீரக்கூடியது, ஆனால் நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாதது. முதியவர்கள் நடக்கும்போது பாதம் தரையிலிருந்து அதிகம் எழும்புவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கக் கட்டட விதிகள் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வரையான செங்குத்து வேறுபாட்டைத்தான் அப்படியே அனுமதிக்கின்றன. அடியில் வெற்றிடம் இல்லை, தாழ்வு வளரவும் இல்லை என்றால், உயர்ந்த ஓரத்தைக் கிரைண்டர் வைத்து ஒரு கையகல அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துவிடலாம். தேய்க்கும்போது நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கான்கிரீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். அந்த வேலை முடியும்வரை இணைப்பில் பளிச்சென்ற மஞ்சள் வண்ணக் கோடு ஒன்றை இன்றைக்கே தீட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மண் கரிசல். வாசல் தளம் கோடையில் தாழ்கிறது, மழையில் ஓரளவு எழும்புகிறது. பக்கத்தில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. மரத்தை வெட்டிவிட்டுத் தளத்தை எழுப்பச் சொல்கிறார்கள்.

பதில்: இந்தக் கடிதத்தை எழுதியவர் மிகவும் கூர்மையாகக் கவனித்திருக்கிறார். தளம் தாழ்வதும் எழும்புவதும் பருவத்தைப் பின்பற்றுகிறது என்றால், அங்கே மண் அடித்துச் செல்லப்படவில்லை. மண்ணே சுருங்கி விரிகிறது. கரிசல் போன்ற களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அதிகம் உண்டு. அதன் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்தால் அடுக்குகள் விலகுகின்றன. நீர் வெளியேறினால் நெருங்குகின்றன. கோடையில் நிலம் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளப்பதும் மழையில் அந்தப் பிளவுகள் மறைவதும் இதனால்தான். மரத்தின் வேர்கள் கோடையில் மிச்சமுள்ள ஈரத்தையும் உறிஞ்சுவதால் அந்தப் பக்கம் தாழ்வு அதிகமாகத் தெரிகிறது.

கோடையின் உச்சத்தில் தளத்தை மட்டத்துக்கு எழுப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அடியிலுள்ள இடைவெளியை நிரப்பிவிட்டோம்; மழை வந்ததும் மண் விரிகிறது; இப்போது தளத்துக்குப் போக ஒரே வழி மேல்நோக்கித்தான். வாசற்கதவு திறக்காத அளவுக்குக்கூடத் தளம் எழும்பிவிடலாம். ஆகவே முதல் ஓராண்டு எதையும் எழுப்பாதீர்கள். சுவரில் ஒரு நிலையான கோடு கீறி, அதிலிருந்து தளம் வரையுள்ள தூரத்தை மாதத்துக்கு ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடிட்டு அதன் அகலத்தையும் குறியுங்கள். இந்த ஒரு பக்கக் குறிப்பு, எந்தப் பொறியாளர் வந்து பார்த்தாலும் அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட உதவும். பருவ அசைவு எவ்வளவு, திரும்பி வராத நிலைத்த தாழ்வு எவ்வளவு என்று பிரித்தறிந்த பிறகு, ஈரமும் வறட்சியும் உச்சத்தில் இல்லாத இடைக்காலத்தில், நிலைத்த தாழ்வை மட்டும் எழுப்பலாம்.

மரத்தை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். பல ஆண்டுகளாக வேர்கள் உலர்த்தி வைத்த களிமண், மரம் போனதும் மெல்ல மெல்ல நீரை ஏற்று ஆண்டுக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். தளத்தை மட்டுமன்றி வீட்டின் அஸ்திவாரத்தையும் அது தூக்கக்கூடும். அதைவிட, தளத்தைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரம் அதிகம் மாறாமல் பார்த்துக்கொள்வது மேல். மழைநீரைத் தள்ளி வடியவிடுங்கள். கோடையில் ஓரங்களுக்குச் சீராகச் சிறிதளவு நீர் விடுங்கள். சுவரோரம் நாள்தோறும் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய செடிகளை வைக்காதீர்கள். வேரே தளத்தை ஒரு பக்கம் முட்டித் தூக்கியிருந்தால் அது வேறு கதை. அங்கே தளத்தின் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, வேருக்கு இடம் விட்டுப் பாதையை வளைத்துப் போடுவதையே நான் விரும்புவேன்.

கேள்வி: வீட்டின் உள்ளே சமையலறைத் தரை சுவரோரம் தாழ்ந்து, ஓரக் கல்லுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி வந்துவிட்டது. இதையும் நுரை செலுத்தி எழுப்பலாமா?

பதில்: சுவர்கள் என்ன சொல்கின்றன என்று முதலில் பாருங்கள். தரை மட்டும் தாழ்ந்து, சுவரில் விரிசல் இல்லாமல், கதவு சன்னல்கள் இயல்பாக மூடினால், பேஸ்மென்ட்டுக்குள் நிரப்பிய மண் அமுங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெளித்தளத்தைப் போலவே எழுப்ப வாய்ப்பு உண்டு. ஆனால் சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போலச் சாய்வாக ஏறும் விரிசல், நிலைச் சட்டத்தில் உராயும் கதவு, கீழே ஓர் அளவும் மேலே ஓர் அளவுமாக அகன்ற பிளவு ஆகியவை இருந்தால், இறங்குவது அஸ்திவாரம். அதற்குத் தளம் எழுப்பும் நிறுவனத்தைக் கூப்பிடாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். தரையை எழுப்பி, ஓடு பதித்து, சுவருக்கு வண்ணம் அடித்து மறைத்தால் நோய் கண்ணுக்குத் தெரியாமல் முற்றும். தடுப்புச் சுவர் எதையாவது தரையின்மேலேயே எழுப்பியிருந்தால் அதையும் அவரிடம் சொல்ல மறக்காதீர்கள். தரையை எழுப்பினால் அந்தச் சுவரும் சேர்ந்து எழும்பி விரிசல் விடும்.

கேள்வி: பின்புறத்தில் இரண்டு மீட்டர் அகலமுள்ள ஓரிடம் இந்த மழையில் திடீரென்று கைப்பிடி ஆழம் இறங்கிவிட்டது. வீடு வாங்கியபோதே தளம் இருந்தது. தட்டினால் வெறுமையாக ஒலிக்கிறது.

பதில்: அங்கே யாரும் கால் வைக்காதீர்கள். படித்தவுடன் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக் குழந்தைகளைத் தடுத்துவிடுங்கள். நாள்பட்டுத் தாழ்வது வேறு, ஒரே இரவில் இறங்குவது வேறு. பழைய செப்டிக் டேங்கையோ கைவிட்ட கிணற்றையோ மூடிய பலகையின்மேல் தளம் போட்டிருக்கலாம். அந்தக் கான்கிரீட் மண்ணின்மேல் கிடக்கவில்லை, வெட்டவெளியின்மேல் நிற்கிறது. ஒருநாள் எச்சரிக்கை இல்லாமல் உடைந்து விழும். உள்ளே எட்டிப் பார்க்கவும், இறங்கவும் ஒருபோதும் முயலாதீர்கள். செப்டிக் டேங்கினுள் தேங்கும் நச்சுவாயு ஒருவரையும், அவரைக் காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்தே கொல்லும். இப்படிப்பட்ட இடத்தில் எதையும் பம்பு செய்து எழுப்ப இயலாது. தகுந்த கருவிகளோடு வருபவர்களைக் கொண்டு வெளியிலிருந்தே மூடியை அகற்றி, தொட்டியைக் காலிசெய்து, கல்லும் கல்தூளும் இட்டு அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பிய பிறகுதான் புதிய தளம் போட வேண்டும்.

கேள்வி: பழைய தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட முடிவு செய்திருக்கிறோம். மறுபடி இறங்காமலிருக்க என்ன செய்ய வேண்டும்? மண் நிரப்பி இரண்டு நாள் தண்ணீர் கட்டினால் போதுமா?

பதில்: மணலுக்கு அது ஓரளவு பயன்படும், களிமண்ணுக்குப் பயன்படாது. களிமண்ணில் தண்ணீர் கட்டினால் அது சேறாகி, மேலே இறுகியதுபோலத் தோன்றி, உலரும்போது சுருங்கும். மண்ணை இறுக்குவதற்கு மிகையான நீரும் ஆகாது, மிகக் குறைந்த நீரும் ஆகாது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் புராக்டர் 1933இல் இதைச் சோதனையாகவே வகுத்துக் காட்டினார்: ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈர அளவு உண்டு, அந்த ஈரத்தில் இடித்தால்தான் அது மிக நெருக்கமாக அமையும். சாலைகளுக்கும் அணைகளுக்கும் இன்றும் அந்தச் சோதனைதான் அடிப்படை. வீட்டு வேலைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ஈரம் சரி. பொடியாக உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். கையில் பிசுபிசுத்து ஒட்டினால் உலரவிடுங்கள்.

தளர்ந்த மண்ணையும் குப்பையையும் முழுவதும் எடுத்துவிட்டு, கிராவல் போன்ற நல்ல மண்ணை 150 மில்லிமீட்டர் கனத்துக்குமேல் போகாமல் ஒவ்வோர் அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வுத் தட்டு இயந்திரத்தால் இடித்த பிறகே அடுத்ததைப் போடச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் ஆழத்தை ஒரே தடவையில் நிரப்பிவிட்டு மேலே மட்டும் இயந்திரத்தை ஓட்டினால் அதிர்வு கீழே எட்டாது. இந்த ஒரு நாள் வேலையின்போது நீங்கள் நேரில் நின்று பார்ப்பது, கான்கிரீட் போடும் நாளில் நிற்பதைவிட முக்கியமானது.

அதன்மேல் நூறு மில்லிமீட்டர் உடைகல் படுகை, அதற்குமேல் நூறு மில்லிமீட்டர் கான்கிரீட். சுவரை ஒட்டிய ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியைத் தெர்மகோல் பட்டை வைத்துப் பிரித்துவிட்டால், தளம் சுவரைப் பற்றிக்கொள்ளாமல் தனியாக இருக்கும்; பிற்காலத்தில் எழுப்ப நேர்ந்தாலும் எளிது. மூன்று மீட்டருக்கு ஓர் இணைப்பு வீதம் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள். விரிசல் வர வேண்டுமானால் அந்தக் கோட்டுக்குள்ளேயே வரும். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் நீர் காட்டுங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாயைத் தளத்தின் வெளி ஓரத்தையும் தாண்டிக் கொண்டுபோய் விடும் குழாயை, கான்கிரீட் வண்டி வருவதற்கு முதல்நாளே பதித்து, ஒரு வாளி நீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.